சக்கரத்துக்கு மேலே இருப்பவர்

தேர்தல் முடிவு வரும் நாட்களில் ஆங்கில நாளிதழைப் பிரித்தால் ‘ஜகர்நாட்’ என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. எதிரில் வந்ததையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகிற, யாராலும் நிறுத்த முடியாத பெரும் சக்தி என்று அதற்குப் பொருள். ஜெயித்த கட்சிக்கும் அந்தப் பெயர், தோற்காமல் ஆடுகிற கிரிக்கெட் அணிக்கும் அந்தப் பெயர். இங்கிலாந்தில் சாலையை அடைத்துக்கொண்டு போகும் கனரக லாரியை அப்படித்தான் அழைக்கிறார்கள். திருவாரூர்ப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பாடத்தில் இந்தச் சொல் வரும்போது, “இது நம்ம சாமி பேரும்மா. பூரியில் இருக்கிற ஜகந்நாதர். இந்தி வழியா ஆங்கிலத்துக்குப் போனவர்” என்று சொல்வேன். ஒரு முறை பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சாமி பேரை ஏன் டீச்சர் லாரிக்கு வெச்சாங்க?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு வரலாற்றுப் பதில் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடித்த பிறகும் கேள்வி தீராது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஜகத் என்றால் உலகம். வடமொழியில் அதன் வேர் ‘செல்வது, அசைவது’ என்ற பொருளுடையது. ஓயாமல் நகர்ந்துகொண்டிருப்பதுதான் உலகம். அதன் நாதர் ஜகந்நாதர். பெயரில் நசுக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. நம் பக்கத்திலேயே அந்தப் பெயரோடு ஒரு பெருமாள் இருக்கிறார். கும்பகோணத்துக்குத் தெற்கே, பட்டீஸ்வரத்தை அடுத்த நாதன்கோயில் என்னும் நந்திபுர விண்ணகரத்தில் மூலவர் ஜகந்நாதர். தட்சிண ஜகந்நாதம் என்றும் அந்த ஊரைச் சொல்வார்கள். வயலுக்கு நடுவே, கூட்டமில்லாத கோயில். அங்கே போய் நின்று அந்த ஆங்கிலச் சொல்லை நினைத்தால் இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றே தோன்றும்.

சம்பந்தம் தேரில் இருக்கிறது. 1320களில் ஒடோரிக் என்ற இத்தாலியப் பாதிரியார் கடல்வழியாக இந்தியா வந்தார். ஓர் ஊரில் ஆண்டுக்கொரு முறை சாமியைத் தேரில் ஏற்றி, அரசனும் மக்களும் சேர்ந்து இழுத்து வருவதையும், பக்தர்கள் தாங்களாகவே போய்ச் சக்கரத்தின் அடியில் விழுந்து உடல் துண்டாகிச் சாவதையும் எழுதி வைத்தார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்ட கதை இது. எல்லோரும் பூரியைப் பற்றியது என்றே நினைக்கிறார்கள். ஆனால் ஒடோரிக் அந்தக் காட்சியை வைத்திருப்பது பூரியில் இல்லை. அரபு வணிகர்கள் மஅபர் என்று அழைத்த நாட்டில், அதாவது நம் சோழமண்டலக் கரையில். எந்த ஊர்த் தேர் என்று அவர் சொல்லவில்லை. பெயர் பூரியிலிருந்து போனது. சக்கரத்தின் கதை நம் கரையிலிருந்து போனது. இரண்டும் பிற்பாடு ஒட்டிக்கொண்டன.

இந்தச் செய்தியை எடுத்துக் கொடுத்ததிலும் ஒரு தஞ்சாவூர்த் தொடர்பு உண்டு. இந்தியச் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போன வரலாற்றைச் சொல்லும் பெரிய அகராதியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ 1886இல் வெளிவந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் ஆர்தர் பர்னல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனையில், இன்றைய சரஸ்வதி மகாலில், இருக்கும் வடமொழிச் சுவடிகளுக்கு 1880இல் அட்டவணை போட்டுக் கொடுத்தவர். அகராதி அச்சாகி வருவதற்கு நான்கு வருஷம் முன்பே இறந்துபோனார்.

சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியவர் வேறொருவர், கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார். 1806இல் பூரித் தேர்த்திருவிழாவைப் பார்த்துவிட்டு, விவிலியத்தில் பிள்ளைகளைப் பலி கேட்கும் மோளோக் என்ற தெய்வத்தோடு ஜகந்நாதரை ஒப்பிட்டு எழுதினார். 1811இல் அது புத்தகமாக வந்து, இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டது. அதே பயணத்தில் அவர் தஞ்சாவூருக்கும் வந்தார். சரபோஜி மன்னரைப் பார்த்துப் பேசினார். மன்னர் சுவார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் படித்தவர் என்பதால் புக்கானனுக்கு அவர் மேல் மிகுந்த மதிப்பு. இந்தப் பக்கம் ஊர் ஊராக நிற்கிற தேர்களையும் அவர் பார்த்திருப்பார்; ஆனால் எழுத உட்கார்ந்தபோது பூரித் தேர்தான் கண்முன் வந்திருக்க வேண்டும்.

பின்னால் வந்த ஆங்கிலேயர்களே அந்தச் சித்திரத்தைத் திருத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ரூ ஸ்டர்லிங் என்ற அதிகாரி, தாம் நேரில் பார்த்த நான்கு வருஷத் திருவிழாவில் அப்படி மூன்றே மூன்று சாவு என்றும், அதில் ஒன்று தவறி விழுந்ததாக இருக்கலாம் என்றும், மற்ற இருவரும் தீராத நோயில் தவித்தவர்கள் என்றும் 1825இல் எழுதினார். 1872இல் ஹண்டர் என்ற இன்னொரு அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போய், தற்பலி என்பது விஷ்ணு வழிபாட்டின் இயல்புக்கே நேர் எதிரானது என்றார். இவை யார் காதிலும் ஏறவில்லை. பூரிக்கு வருகிறவர்களிடம் 1806 முதல் 1840 வரை யாத்திரை வரி வாங்கிக் கல்லாவில் போட்டது கிழக்கிந்தியக் கும்பினி அரசாங்கம்தான் என்பதும் ஏறவில்லை.

“ஆகவே இது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட அவதூறு” என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். நம்மில் பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். என்னால் முடிவதில்லை. மூன்று பேராக இருந்தாலும் மூன்று பேர். தவறி விழுந்தவராக இருந்தால் கேள்வி இன்னும் கடினமாகிறது. சக்கரத்துக்கு மேலே அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கும் சக்கரத்தின் அடியில் போனவருக்கும் என்ன உறவு? கீழே நடந்ததற்கு மேலே இருப்பவர் பொறுப்பா, இல்லையா? இது அகராதிக்காரர்கள் தீர்க்கிற கேள்வி இல்லை. சாமி கும்பிடுகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆங்கிலம் தன் பதிலைச் சொல்லிவிட்டது. ஹாப்சன்-ஜாப்சன் வந்த அதே 1886இல் ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ கதையும் வந்தது. அதன் தொடக்கத்தில் ஹைடு என்பவன் அதிகாலை மூன்று மணி இருட்டில் தெருவில் எதிரே ஓடிவந்த ஒரு சிறுமியை மிதித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போவான். அதைப் பார்த்தவர், அவன் மனிதனாக இல்லை, ஜகர்நாட் போல இருந்தான் என்று சொல்வார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் உயிரே இதுதான்: குழந்தை கீழே கிடக்கும், அது தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். மேலே இருப்பவருக்குக் கீழே என்ன நடந்தது என்று தெரியாது. தெரிந்தாலும் கவலை இல்லை.

நான் வளர்ந்த ஊரில் தேர் என்றால் திருவாரூர் ஆழித்தேர்தான். பங்குனியில் ஓடும். சம்பா அறுத்து, களம் தூற்றி, நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும். தாளடி வயலில் உளுந்தும் பயறும் காய்ந்து பறிப்புக்கு நிற்கும். ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் வற்றியிருக்கும். கையில் காசும் உடம்பில் ஓய்வும் இருக்கிற அந்தக் கொஞ்ச நாளில்தான் சனம் திருவாரூருக்குக் கிளம்பும். அலங்காரம் முடிந்த தேரின் உயரம் 96 அடி, எடை ஏறக்குறைய 300 டன். 1926இல் பழைய தேர் எரிந்துபோய், புதிதாகச் செய்து 1930இல் ஓடவிட்டார்கள். 1948க்குப் பிறகு ஓட்டம் நின்றது. மறுபடி 1970இல் ஓடியது. சாமி நம்பிக்கை இல்லாத முதலமைச்சர் மு. கருணாநிதி முனைந்து நின்று அதை ஓட வைத்தார். ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

என் தாய்மாமா அந்த 1970 தொடங்கிப் பல வருஷம் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். முட்டுக்கட்டை என்பது கனத்த மரத்துண்டு. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியிருக்கும். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. நேராக ஓட வேண்டுமானாலும், வீதி முனையில் திரும்ப வேண்டுமானாலும், நிற்க வேண்டுமானாலும் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகித்தான் ஆக வேண்டும். இடப்பக்கச் சக்கரத்துக்குக் கொடுத்தால் தேர் இடப்பக்கம் முகம் திருப்பும். இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால் நிற்கும். வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். கட்டைக்காரர்கள் மட்டும் சக்கரத்தைப் பார்த்தபடியே, அதிலிருந்து ஒரு கை தூரத்தில், பின்பக்கமாக நடப்பார்கள். தேர்த்தட்டில் நிற்பவர் துண்டை வீசினால் குனிய வேண்டும், கட்டையைச் சக்கரத்தின் வாயில் கொடுக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும். மூன்றும் ஒரே மூச்சில். கட்டை மேல் சக்கரம் ஏறும்போது மரம் நெரிபடும் சத்தம் கேட்கும். சில கட்டை பிளந்து நாராகிவிடும். அடுத்த ஆள் அடுத்த கட்டையோடு தயாராக நிற்பார். மாமாவின் வலது கையில் இரண்டு விரல் நகம் இல்லாமல் மொழுக்கென்றிருக்கும்.

“வடம் புடிச்சா புண்ணியம்னு அத்தன பேரும் ஓடுறான் பாப்பா. கட்டை போடுறவனுக்கு என்ன புண்ணியம்னு ஒருத்தனும் சொன்னதில்ல” என்பார். குறையாகச் சொல்லமாட்டார். அவருக்கு அதற்குத் தானே ஒரு பதில் இருந்தது. “சாமி ஓடணும்னு சனம் நெனைக்குது. சாமி நிக்கணும்னு நாங்க ரெண்டு டஜன் பேரு நெனைக்கிறோம். அவரு ரெண்டு பேச்சும் கேக்குறாரு.”

படிக்காத மனிதர் சொன்ன இந்தப் பேச்சு எனக்குப் பல தத்துவ விளக்கங்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆங்கிலச் சொல்லின்படி தேர் என்பது யாராலும் நிறுத்த முடியாதது. உண்மையில் உலகத்தில் இதைப் போல எளிதில் நிற்கிற வாகனம் இல்லை. ஊர் கூடாவிட்டால் அசையாது. ஒரு மரக்கட்டை வேண்டாம் என்றால் நின்றுவிடும். பின்னாளில் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தார்கள். பின்னாலிருந்து தள்ள புல்டோசர் வந்தது. ஆனாலும் கட்டைக்காரர்கள் இன்னும் சக்கரத்துக்கு முன்னால்தான் நடக்கிறார்கள்.

உள்ளே இருக்கிறவர் யார் என்பதையும் நினைக்க வேண்டும். திருவாரூர்த் தியாகேசரின் ஆட்டத்துக்கு அஜபா நடனம் என்று பெயர். பாற்கடலில் திருமால் அவரைத் தம் மார்பில் வைத்துப் பூசித்தபோது, திருமாலின் மூச்சு ஏறி இறங்கிய அசைவில் ஆடியவர் என்று தலபுராணம் சொல்லும். இன்னொருவரின் மூச்சில் அசைந்தவருக்குத்தான் இந்த நாட்டிலேயே பெரிய தேர்களில் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம். சர்வ வல்லமை என்பது தன்னிச்சையாக ஓடுவது அல்ல, பிறர் கையிலும் மூச்சிலும் தன்னை ஒப்புக்கொடுப்பது என்று அந்தக் கதையைச் செய்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

திருவாரூரில் சக்கரத்தின் அடியில் போன ஒரு கன்றுக்குட்டியின் கதை இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மனுநீதிச் சோழன் கதை தெரியாத தமிழர் கிடையாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கலெக்டர் ஊருக்கு வந்து மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர். விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டிலும் கதை இருக்கிறது, சேக்கிழாரும் பெரியபுராணத்தில் விரித்துச் சொல்கிறார். இளவரசன் தேரில் வருகிறான், கன்று துள்ளி ஓடிவந்து சக்கரத்தில் விழுந்து சாகிறது. தாய்ப்பசு அரண்மனை மணியை அடிக்கிறது. அமைச்சர்கள் பிராயச்சித்தம் சொல்கிறார்கள். மற்றவன் கொன்றால் கொலைத் தண்டனை, என் மகன் கொன்றால் பிராயச்சித்தமா என்று அரசன் கேட்கிறான். மகன் மேல் தேரை ஓட்டச் சொல்லி அமைச்சனை அனுப்புகிறான். அமைச்சன் அதைச் செய்ய மனம் வராமல் தன் உயிரை விடுகிறான். கடைசியில் அரசனே ஓட்டுகிறான். தியாகேசர் விடைமேல் தோன்ற, மூவரும் எழுகிறார்கள்.

பாடம் நடத்தும்போது இந்தக் கதையில் எனக்கு ஒரு முள் குத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பையன் வேண்டுமென்றா கொன்றான்? உயிருக்கு உயிர் என்பதை ஒரு சட்டமாக என்னால் ஏற்க முடியவில்லை. செய்ய மறுத்துச் செத்துப்போன அமைச்சன் பக்கம்தான் என் மனம் சாயும். ஆனால் கதை தண்டனையைப் பற்றியது அல்ல என்று எனக்கு வயதான பிறகு தோன்றுகிறது. சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பற்றியது. அதிகாரத்தின் சக்கரம் ஒரு கன்றின் மேல் ஏறியது தெரிந்ததும், அரசன் அதைத் தன் வீட்டுப் பக்கமே திருப்புகிறான். திருவாரூர் மரபில் அந்த இளவரசனுக்குப் பெயர் வீதிவிடங்கன். தியாகேசருக்கும் அதுதான் பெயர், வீதிவிடங்கப் பெருமான். ஆழித்தேரில் மேலே உட்கார்ந்திருப்பவரும், சோழன் தேரில் கீழே கிடத்தப்பட்டவனும் ஒரே பெயர்க்காரர்கள். தற்செயலாக வந்திருக்கலாம். நான் அதைத் தற்செயல் என்று விடத் தயாராக இல்லை. சக்கரத்துக்கு மேலே இருப்பவர் கீழேயும் இருக்கக் கடமைப்பட்டவர் என்று இந்த ஊர் பெயர் வைத்தே சொல்லிவிட்டது.

இதே கதை கடல் தாண்டி இலங்கையிலும் இருக்கிறது. அனுராதபுரத்தை 44 ஆண்டு ஆண்டதாக மகாவம்சம் சொல்லும் எல்லாளன் சோழ நாட்டிலிருந்து போனவன். பௌத்த பிக்குகள் எழுதிய அந்த நூலுக்கு அவன் வெல்லப்பட வேண்டிய எதிரி; ஆனாலும் கன்றுக்காக மகனைத் தண்டித்த அவன் நீதியை அது மறைக்கவில்லை. அதோடு இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்கிறது. எல்லாளன் ஒரு நாள் தேரில் வரும்போது நுகத்தடி இடித்து ஒரு தூபி சேதமாகிவிடுகிறது. அறியாமல் நடந்ததுதான். அமைச்சர்கள் சொன்னதும் அரசன் தேரிலிருந்து குதித்து, சாலையில் விழுந்து கிடந்து, இந்தச் சக்கரத்தாலேயே என் தலையையும் அறுங்கள் என்கிறான். அமைச்சர்கள் மறுக்கிறார்கள். எங்கள் ஆசான் பிறருக்குத் துன்பம் செய்வதை ஒப்பமாட்டார், தூபியைச் சரிசெய்து கொடுங்கள் போதும் என்கிறார்கள். பெயர்ந்திருந்த கற்கள் 15. அவற்றைத் திரும்பப் பதிக்க அவன் 15,000 காசு செலவழித்தான்.

புக்கானன் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சக்கரத்தின் அடியில் ஒருவன் தானாக வந்து விழுகிறான். அவன் பித்துப் பிடித்த பக்தன் அல்ல, தேரில் வந்த அரசன். கூட நின்றவர்கள் அவன் மேல் தேரை ஏற்றவில்லை, கல்லைக் கொண்டுவந்து அடுக்கச் சொன்னார்கள். மனுநீதிச் சோழன் கதையில் குத்திய முள் எனக்கு இங்கேதான் எடுபட்டது. குற்றத்துக்கு ஈடு இன்னொரு சாவு அல்ல, பெயர்ந்த கல்லைத் திரும்ப வைப்பது.

மிஷனரிகளுக்கு நியாயம் செய்ய வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. கும்பினி காலத்தில் சென்னை மாகாணத்துக் கோயில் தேர்களுக்கு வடம் பிடிக்க வருவாய் அதிகாரிகள் வழியாக ஆட்களைக் கட்டாயமாகத் திரட்டினார்கள். வயல்வேலை பார்க்கும் ஏழைகள்தான் அதில் மாட்டியவர்கள். இதை எதிர்த்து எழுதியவர்கள் மிஷனரிகள். நாம் பெருமையாகச் சொல்கிற ‘ஊர் கூடித் தேர்’ என்பதற்குள் பிடித்துக்கொண்டு வரப்பட்ட கைகளும் இருந்தன. அந்தக் கைகளுக்கு வேறு நாளில் வடத்தைத் தொடும் உரிமைகூட இல்லாத ஊர்களும் இருந்தன. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் எல்லாச் சாதியாரும் வடம் பிடிக்கும் உரிமைக்காக வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தேர் பல வருஷம் நிலையிலேயே நின்று 2024இல்தான் ஓடியது. சக்கரத்தின் அடியில் விழுந்தவர்களை எண்ணிய வெள்ளைக்காரர் கண்ணுக்கு, வடத்துக்குப் பக்கத்தில் விடப்படாமல் தூரத்தில் நின்றவர்கள் அவ்வளவாகப் படவில்லை. எனக்கு அதுதான் நம் தேர்களின் பெரிய கொடுமை.

ஆங்கிலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொரு சொல் பறையர் என்பது. ஒதுக்கித் தள்ளப்பட்டவர் என்ற பொருளில் உலகமெல்லாம் அது ஓடுகிறது. இரண்டு சொல்லும் திருவாரூரில் சந்திக்கின்றன. தியாகேசர் விழாவில் பறையர் குலத் தலைவர் ஒருவர் யானைமேல் ஏறிச் சாமியோடு வரும் உரிமை பெற்றிருந்தார். அவருக்கு யானையேறும் பெரும்பறையர் என்று பெயர். அருகில் அம்பர் மாகாளத்தில் சோமாசிமாற நாயனார் யாகம் செய்தபோது, தியாகேசர் செத்த கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய வேடத்தில் வந்து நின்றார் என்பது கதை. அந்தணர்கள் ஓடிவிட்டார்கள். நாயனார் நின்று வணங்கினார். மறுபடியும் ஒரு கன்று. ஒரு கதையில் தேர் ஏறிச் செத்த கன்றுக்கு நீதி தந்தவர், இன்னொரு கதையில் செத்த கன்றைத் தாமே சுமந்து வருகிறார். இதை வருஷா வருஷம் விழாவாகக் கொண்டாடிக்கொண்டே வடத்துக்கு வரம்பு கட்டியவர்களை எந்தச் சாஸ்திரமும் காப்பாற்றாது.

இவ்வளவும் கதை, பழைய காலம் என்று சொல்லலாம். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூரை ஒட்டிய களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர், உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. உழவாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, அடியார் நடக்கும் பாதையில் புல் செதுக்கிப் போட்ட அப்பர் சாமிக்கு எடுத்த விழா அது. அந்தச் செய்தி வந்த அன்று டெல்டாவில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ‘சாமி கூப்பிட்டுக்கிட்டார்’ என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதலுக்காகச் சொன்னாலும் அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஆங்கிலச் சொல்லின் சாமி. பிள்ளைகளைத் தன் பாதையில் எடுத்துக்கொண்டு போகிற சாமி. நம்முடையவர் மணிச்சத்தம் கேட்டு நிற்பவர் என்று நம்பினால், கம்பி எந்த உயரத்தில் போனது, சாலை எவ்வளவு ஏறியிருந்தது, இணைப்பை யார் துண்டித்திருக்க வேண்டும் என்று கேட்பதுதான் பக்தி. அந்தக் கேள்விகளைக் கேட்பது சாமிக் குற்றம் என்று நினைப்பவர்கள் மனுநீதிச் சோழனின் பசுவை மறந்தவர்கள்.

அந்த வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்திலும் கூட்டம் போட்டார்கள். எங்கள் தேர் சின்னது, சித்திரையில் நான்கு தெரு சுற்றும். மேல் அடுக்கு ஒன்றை எடுத்துவிடலாம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். எனக்குச் சித்தப்பா முறையாகும் பெரியவர் ஒருவர் எழுந்து, “ஆத்தாளோட தேரைக் குட்டையாக்குறதுக்கு நாம யாருடா?” என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. பெண்கள் பேசுகிற இடமில்லை அது. இருந்தும் நான் எழுந்தேன். “சித்தப்பா, அவ்வளவு உயரம் வேணும்னு ஆத்தா கேக்கலை. நம்ம தாத்தாமாருதான் வெச்சாங்க. அப்ப கம்பி இல்லை” என்றேன். அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு, “கலசத்தை மட்டும் விட்டுடுங்க” என்றார்.

ஆசாரியை வரவழைத்து ஓர் அடுக்கைக் கழற்றினார்கள். கலசத்துக்குக் கீல் வைத்து, கம்பி வரும் இடத்தில் மடக்கும்படி செய்து கொடுத்தார். மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்துத் தேர் நிலைக்கு வரும்வரை தெருவுக்கு இணைப்பைத் துண்டிக்க ஏற்பாடு ஆயிற்று. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தெருவுக்குப் புதுச் சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். தெரு வளர வளரத் தேர் கம்பியை நெருங்குகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று மனுநீதி நாளில் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த சித்திரைக்குள் நடக்கவில்லை என்றால் மறுபடியும் கொடுப்போம்.